ஆறு சென்டிமீட்டர் கடல்

எல் ஆல்ட்டோவில் காற்றை
எண்ணித்தான் கொடுக்கிறார்கள்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
விமானத்திலிருந்து இறங்கியவர்கள்
ஐந்து படி ஏறிவிட்டுச்
சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.
இந்த ஊருக்குத்தான்
பன்னிரண்டு வாரம் முந்திக்கொண்டு வந்தாள்
ருஃபினா சம்பியின் மகள்.
தொள்ளாயிரத்து எண்பது கிராம்.

அன்று மார்ச் இருபத்துமூன்று. கடல் நாள்.
எங்கள் நாடு கடலைத் தோற்று
நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.
இன்னமும் ஆண்டு தவறாமல்
வாத்தியம் முழங்கத் திருப்பிக் கேட்கிறோம்.
கீழே தெருவில் டிரம்பெட்.
மேலே வெப்ப விளக்கின் கீழ்
ஒருத்தி
சத்தமே போடவில்லை.

கொடியை உடனே வெட்டவில்லை.
அறுபது வினாடி.
கொடுக்கிறவரை வாங்கிக்கொள், பெண்ணே.
பிறகு துடைக்காமல், ஈரத்தோடு,
கழுத்துவரை பிளாஸ்டிக் உறைக்குள் இட்டேன்.
கோழிக்கடையில் தருவார்களே, கிட்டத்தட்ட அதேதான்.
சூடு தங்கும்.
யாரும் இதைப் படம் எடுத்து மாட்டுவதில்லை.

சோடா மூடியைவிடக் கொஞ்சம் பெரிய முகமூடி.
அழுத்து, விடு, விடு.
அழுத்து, விடு, விடு.
டாக்டர் கசில்டா கண் எடுக்காமல் மார்பைப் பார்க்கிறாள்.
எழும்பவில்லை.
தாடையை ஒரு நூல் தூக்கினேன்.
அழுத்து,
எழும்பியது,
விடு, விடு.

நிறைமாதப் பிள்ளையின் நுரையீரலுக்குள்
சோப்பு நுரைபோல ஒரு பூச்சு இருக்கும்.
இவளுக்கு அது இன்னும் ஊறவில்லை.
மூச்சை விட்டதும் உள்சுவர்கள்
நனைந்த பலூனாக ஒட்டிக்கொள்ளும்.
மறுபடி பிரிக்க வேண்டும்,
மறுபடி.
நமக்கெல்லாம் முதல் மூச்சு ஒரு தடவை.
இவளுக்கு
நிமிடத்துக்கு அறுபது.

நான்காம் நிமிடம் தானாக இழுத்தாள்.
விக்கல் என்றுதான் நினைத்தேன்.

சுவரில் ஒட்டிய அட்டவணை
பத்தாம் நிமிடத்தில் தொண்ணூறு கேட்கிறது.
அச்சடித்தவர்கள் கடலோரத்துக்காரர்களாக இருக்க வேண்டும்.
மாட்டிப் பார்த்தால் என் விரலிலேயே எண்பத்தெட்டு.
இவள் எண்பத்துமூன்று.
கசில்டா என்னைப் பார்த்தாள்,
நான் கசில்டாவைப் பார்த்தேன்.
ஆக்ஸிஜன் குமிழை ஒருவரும் திருகவில்லை.

மூக்கில் இரண்டு மென்குழாய்.
மூச்சு வெளியேறும் குழாயின் மறுமுனை
ஒரு பாட்டில் தண்ணீருக்குள்.
மேலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம்.
அவ்வளவுதான் மருத்துவம்.
வெளியேறும் காற்று
அந்த ஆறு சென்டிமீட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.
தள்ள முடியாத மிச்சம் உள்ளேயே தங்கும்,
சுவர்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும்.
சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் என் அக்கா
கல்லாவை ஒருநாளும் முழுக்கத் துடைக்கமாட்டாள்,
நாளைக்குச் சில்லறை வேண்டுமே என்று.
அதே கணக்கு.

குளு குளு குளு என்று
பாட்டில் பேச ஆரம்பித்தது.
தெருவில் வாத்தியம் எப்போது நின்றதென்று
தெரியவில்லை.

இரவு பதினொன்றுக்குத் தகப்பன் வந்தான்.
நெமேசியோ போமா, இரண்டாம் நிலைக் கடற்படை வீரன்.
சிரிக்காதீர்கள், எங்களுக்குக் கடற்படை உண்டு.
ஏரியில் இருக்கிறது.
அணிவகுப்புச் சீருடை, இன்னும் கையுறை.
கழற்றச் சொன்னேன். முழங்கைவரை கழுவச் சொன்னேன்.
மகளைப் பார்க்கத் தைரியம் இல்லை.
முட்டி போட்டு
பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொதிக்கிறதா?"
"இல்லை. அவள்தான்."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
படகு எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதென்று
கரையிலிருந்தே சொல்கிற கண்.
பன்னிரண்டரைக்கு என் தோளைத் தொட்டான்.

"சிஸ்டர், ஐந்தரை."

குனிந்து பார்த்தேன்.
டேப் உரிந்து, குழாய்
அரை சென்டிமீட்டர் மேலே வந்திருந்தது.
நான் அந்தப் பக்கம் மூன்று முறை நடந்திருக்கிறேன்.

குழாயை ஆறுக்கு இறக்கி
புது டேப் கிழித்து ஒட்டினேன்.
அவன் மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி,
ஒட்டிய பிறகும்,
எடுக்கவில்லை.